கொல்லைக் குழியும் மூன்று நாள் பயிற்சியும்

பெற்றோரோடு கைகோத்து வேலை செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போய் வந்தேன். மூன்று நாள் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், களப்பணியாளர் என்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். பெற்றோர் என்று ஒருத்தரும் இல்லை. "அவங்கள மூணாவது நாள் மத்தியானம் வரச் சொல்லியிருக்கேன் மேடம். பொன்னாடை போத்தி, சாப்பாடு போட்டு அனுப்பிடலாம்" என்றார் ஒருங்கிணைப்பாளர் ஜெயசீலன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைப் பந்தி நேரத்துக்கு மட்டும் வரச்சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

நான் பெரம்பூர்க்காரி. முப்பது வருஷமாக, நடக்க முடியாத பிள்ளைகளின் கையையும் காலையும் நீட்டி மடக்கிப் பிழைக்கிறேன். வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பது பற்றி ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். இந்தப் பக்கத்து மாவட்டங்களில் அதை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தலை கொஞ்சம் கனத்துப்போய், கூப்பிட்ட அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டேன். எனக்கு வாய் நீளம் என்று ஒரு பெயர் உண்டு. அது பொய்யில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபத்துக்கு ஆட்டோ. பாதி வழியில் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர், ரோட்டையே அடைத்துக்கொண்டு ஆமையாய் ஊர்ந்தது. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நாலு பேர் ஹாரனை அமுக்கி, ரெண்டு பேர் அம்மாவை இழுத்துத் திட்டி முடித்திருப்பார்கள். எங்கள் ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக ஒட்டிக்கொண்டு போய், கையை நீட்டி ஒரு கரும்பை உருவி, "கடிக்கிறீங்களா மேடம்?" என்றார். "டைம் ஆகுதுப்பா" என்றேன். "அவன் போனாத்தான நாம போறது? சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு இதயாச்சும் கடிங்க" என்றார். பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக, வாயெல்லாம் பிசுபிசுப்பாகப் போய் இறங்கினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. பேனர் இன்னும் வந்து சேரவில்லையாம், அதற்காக எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அது கல்யாண மண்டபம். முந்தின நாள் முகூர்த்தம் நடந்திருக்கிறது. மேடையில் தெர்மோகோல் எழுத்தில் பெண்ணின் பெயர் அப்படியே இருந்தது, மாப்பிள்ளை பெயரில் ரெண்டு எழுத்து விழுந்திருந்தது. சிவப்பு வெல்வெட் நாற்காலி ரெண்டையும் சிறப்பு விருந்தினருக்கு என்று போட்டிருந்தார்கள். பெண் நாற்காலி எனக்கு. பக்கத்தில் ஜெயசீலன். ஐம்பத்தி நாலு வயதில் எனக்கு இது தேவையா என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் நாள் பலூன் ஊதினோம். ஆமாம், பலூன்தான். ஒருத்தர் ஊத, இன்னொருத்தர் உடையாமல் பிடிக்க வேண்டும், அதுதான் நம்பிக்கையாம். அப்புறம் சார்ட் பேப்பரில் ஒரு மரம் வரைந்து, இலைக்கு இலை அன்பு, பொறுமை, புரிதல் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதினார்கள். மத்தியானம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் தட்டில் ஒன்றோடொன்று கலந்து என்னவென்று சொல்ல முடியாத ஒன்றாக வந்தது. பாக்கெட் ஊறுகாய் மட்டும் பழுதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு நாடகம். தலைப்பு, 'ஒத்துழைக்காத தாய்'. ஒரு ஆண் பிசியோதெரபிஸ்ட் யாரோ ஒருத்தரின் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, "எனுக்கு ஒண்ணும் தெரியாது சாமி" என்று கையை ஆட்டினார். மண்டபமே குலுங்கிச் சிரித்தது. இது கற்பனை இல்லை, நிஜக் கேஸ் என்றார் ஜெயசீலன். ஃபைலை எடுத்து வாசித்தார். மலைமேல் ஒரு ஊர். ஆறு வயதுப் பெண் பிள்ளை, பெயர் தனம். பிறந்ததிலிருந்து கால் ரெண்டும் விறைப்பு, தானாக நிற்க முடியாது. தாய் அலமேலு. அப்பா கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விடுகிறவர். பிள்ளையைக் கட்டி நேராக நிறுத்துகிற 'நிற்கும் சட்டம்' கொடுத்தாயிற்று, பயன்படுத்தவில்லை. மூன்று முறை களப்பணியாளர் போனார், மூன்று முறையும் வீடு பூட்டியிருந்தது. நாலாவது முறை ஜெயசீலனே போயிருக்கிறார். கொல்லையில் (அந்தப் பக்கத்தில் பயிர் வைக்கிற மேட்டு நிலத்துக்கு அப்படித்தான் பெயர்) ஒரு குழி வெட்டி, அதில் பிள்ளையை இடுப்புவரை இறக்கி மண்ணைப் போட்டு மூடியிருந்தார்களாம்.

போன் படத்தைத் திரையில் போட்டார். தூரத்தில் எடுத்த படம். மண்ணிலிருந்து ஒரு குழந்தையின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. ஐயோ என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். என் ரத்தமும் கொதித்தது, மறைக்கவில்லை. "நாளைக்கழிச்சு அந்தம்மா வந்து சம்மதம்னு கைநாட்டு வெச்சிடுச்சுன்னா, மறுநாளே பிள்ளைய கீழ விடுதிக்குக் கொண்டாந்துடலாம்" என்றார் ஜெயசீலன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "குழி எவ்வளவு ஆழம்?" என்றேன். தெரியாது என்றார். "பாதம் தட்டையா இருந்துதா, நுனிக்கால்ல நின்னுதா?" அதுவும் தெரியாது. "கிட்டப் போய்ப் பார்க்கலையா?" "வரப்புலேருந்தே நல்லாத் தெரிஞ்சுது மேடம். படம் எடுத்துக்கினு வந்துட்டேன்." கால் வைத்தியம் பார்க்கிற கூட்டம், ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க முடிவெடுக்கிறது, பிள்ளையின் காலை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் நான் மலைக்குப் போகிறேன் என்றேன். ஜெயசீலனுக்கு நிம்மதிதான். மறுநாள் காலை வகுப்பை அவரே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பிறர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்கிற வகுப்பு.

கூட வந்தது ரேவதி, அந்தப் பகுதியின் களப்பணியாளர், சங்கராபுரத்துப் பெண். மூன்று முறை 'பூட்டு' என்று எழுதியது அவள்தான். பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. நானும் ஒன்றும் கேட்காமல் அவளை நன்றாக முறைத்துக்கொண்டே வந்தேன்.

மலை ஏறும்போது மூன்றாவது வளைவிலேயே பஸ் புகைய ஆரம்பித்தது. "எல்லாம் எறங்குங்க, எஞ்சினு கொதிக்குது, தண்ணி ஊத்திக்கினு போலாம்" என்றார் கண்டக்டர். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு அம்மா கூடையிலிருந்து அவித்த மரவள்ளிக்கிழங்கை எடுத்து, பச்சை மிளகாய்த் துவையலோடு இலையில் வைத்து எனக்கும் நீட்டினாள். துவையல் உச்சந்தலைவரை ஏறியது. கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இன்னா, ஜாஸ்தியா? அந்தப் பக்கமெல்லாம் கம்மியாத்தான் போடுவாங்க" என்றாள். நான் மூன்று துண்டு தின்றேன். அந்த மூன்று நாளில் நான் ருசித்துச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான்.

வெள்ளிமலையிலிருந்து ஜீப். பதினான்கு பேர், ரெண்டு கோழி, ஒரு மூட்டை உரம். என் மடியில் ஒரு பள்ளிக்கூடப் பையும் அதன் மேல் ஒரு குழந்தையும். ரேஷன் கடையோடு ஜீப் நின்றுவிடும், அப்பால் அரை மணி நடை. "மூணு மணிக்குத் திரும்புவேன். அதுக்கு மேல நிக்க மாட்டேன், கல்யாண வாடகை இருக்குது" என்று டிரைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. வீட்டைப் பார்த்ததும் அந்த மூச்சும் நின்றது. வீட்டுக்குப் பூட்டே கிடையாது. பூட்டு மாட்ட நாதாங்கி கூட இல்லை. மூங்கில் தட்டி ஒன்று, ஆடு நுழையாமல் இருக்கக் கயிற்றால் கட்டியிருந்தது. எந்தப் பூட்டைப் பார்த்து மூன்று தடவை எழுதினாய் என்று ரேவதியைக் கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்தது.

அவள் அழவில்லை. பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினாள். "நான் வரும்போது ஒரு மணி ஆய்டும் மேடம், மொத பஸ்ஸு அப்பதான். அந்நேரத்துக்கு இங்க ஒரு வூட்லயும் ஆளு இருக்க மாட்டாங்க, கொல்லைக்குப் போயிருப்பாங்க. கொல்லை எங்க கீதுன்னு தேடிப் போனா ஜீப்பு போய்டும். இதுல பாருங்க, மூணே கட்டம். சந்தித்தேன், மறுத்தார்கள், வீடு பூட்டு. கொல்லைக்குப் போயிருக்காங்கன்னு எழுத எடமே இல்ல. பூட்டுன்னு டிக் அடிச்சேன். மூணு பூட்டு உளுந்தா ஒத்துழைக்காத குடும்பம்னு அதுவா போய்டுது. யாரு மேடம் இத உக்காந்து யோசிச்சது?"

நான்தான். கையேட்டின் கடைசிப் பக்கத்து இணைப்பு அது. மூன்று முறை பூட்டு என்றால் ஒத்துழைக்காத குடும்பம் என்ற விதியும் நான் போட்டதுதான். சென்னையில் ஏசி அறையில், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே எழுதியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரேவதிக்கு அது தெரியாது. "சரி வா, கொல்லை எங்கேன்னு பார்ப்போம்" என்று பேச்சை மாற்றினேன். இத்தனை நேரம் அவளை முறைத்த முறைப்பு என் மேலேயே திரும்பி விழுந்தது.

கொல்லையைத் தேட வேண்டியே இருக்கவில்லை. குரல் காட்டிக்கொடுத்தது. "ஏய்! போ! போ!" என்று ஒரு சின்னத் தொண்டை மலையே அதிர ஒலித்தது. மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே, குழிக்குள் நின்றுகொண்டு தனம் குரங்கு விரட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு முறம், அதில் மொச்சைக்காய். உரித்த பருப்பு ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம். எங்களைப் பார்த்ததும், "யம்மா, யாரோ வந்துக்கினு இருக்காங்க!" என்று கத்தினாள்.

களைவெட்டியும் கையுமாக வந்தாள் அலமேலு. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ரேவதியின் கழுத்து அட்டையைப் பார்த்ததும் மகளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "கைநாட்டு வெக்க நாளைக்குத்தான வரச் சொன்னாங்க. நான் வெக்க மாட்டேன், சேதி கொண்டாந்த ஆளுகிட்ட அப்பவே சொல்லிட்டேன்" என்றாள். அதற்கு வரவில்லை, காலைப் பார்க்க வந்தேன் என்றேன். நம்பவில்லை. நான் மண்ணில் மண்டிபோட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

மண்ணைக் கையால் ஒதுக்கிப் பார்த்தேன். பிள்ளையைச் சுற்றிக் கோணிச் சாக்கு, தோல் உராயாமல் இருக்க. முட்டிக்கு முன்னால் மண் இறுக்கமாக, முட்டி மடங்காமல் இருக்க. குழியின் அடியில் ஒரு சரிந்த கல். "எதுக்கும்மா கல்லு?" என்றேன். "நுனிக்கால்லயே நிப்பா. கல்லு மேல நிக்க வெச்சா குதிகாலு கீழ எறங்குது" என்றாள். குதிகால் இறங்கியிருந்தது. முதுகு நேராக இருந்தது. கை ரெண்டும் வேலை செய்துகொண்டிருந்தது. இதைத்தான் நான் கையேட்டில் நாற்பது பக்கம் படம் போட்டு விளக்கியிருந்தேன்.

"சட்டம் குடுத்தாங்களே, அது?" என்றேன். அலமேலு சிரித்தாள், அன்றைக்கு முதல் தடவையாக. "அதுக்குச் சக்கரம் கீதும்மா. எங்க வாசலு சரிவு. மொத நாளே புள்ளையோட உருண்டுக்கினு போய்ப் பலா மரத்துல முட்டி நின்னுச்சு. அத்தோட சரி. இப்ப கோழி ஏறி குந்துது." இதை ஆபீசில் சொன்னாயா என்றேன். "யாரு கேட்டாங்க?" என்றாள்.

நான் படம் எடுத்தேன். நாலு பக்கமும் எடுத்தேன். ஜெயசீலனை விடக் கிட்டத்தில் எடுத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அலமேலு என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். "இவ வளந்துட்டாம்மா. குழி பத்தல, சாயறா. இன்னும் எம்மாம் ஆழம் தோண்டணும்? இடுப்பு வரிக்குமா, நெஞ்சு வரிக்குமா?" அதே நேரத்தில் ரேவதி, "மேடம், ரெண்டே கால் ஆய்டுச்சு, ஜீப்பு" என்றாள். "சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டுச் சரிவில் விறுவிறுவென்று இறங்கினேன். ஜீப்பைப் பிடித்துவிட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்தேன். வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் அலமேலு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, விடிந்ததும் நடக்க ஆரம்பித்து, பாதி தூரம் பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். உள்ளே 'பெற்றோர் நம் கூட்டாளிகள்' என்ற தலைப்பில் குழு விவாதம் நடந்துகொண்டிருந்தது. மத்தியானம்தான் பெற்றோர் நேரம், அதுவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்களாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், மேடையில் என் வெல்வெட் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றாள்.

ஜெயசீலன் முகம் மலர்ந்து மைப்பெட்டியோடு வந்துவிட்டார். "வாங்கம்மா, நல்லபடியா முடிவு பண்ணி வந்திருக்கீங்க. கட்டை விரல இங்க வெங்க" என்றார்.

"அதுக்கு வரலிங்க" என்றாள் அலமேலு. என்னைக் காட்டினாள். "குழி எம்மாம் ஆழம் தோண்டணும்னு இந்தம்மாவக் கேட்டேன். சொல்றேன்னுட்டுப் போய்ட்டாங்க. அதக் கேக்க வந்தேன்."

துப்பட்டா போட்டு ஆடினவர் தலையைக் குனிந்துகொண்டார். முதல் நாள் நான் கேட்டதை விட்டால், மூன்று நாளில் அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரே வைத்தியக் கேள்வி அது. அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் பிடித்திருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை ஜீப்புக்குக் கொடுத்துவிட்டு வந்தவளும் நான்தான். வெட்கமாக இருந்தது. அதை மைக்கில் சொன்னேன். அந்த மூன்று கட்டப் படிவத்தைப் போட்டது நான் என்றும் சொன்னேன். ரேவதி என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். முந்தின நாள் நான் அவளைப் பார்த்த அதே பார்வை.

ஃபைலை வாங்கி, 'ஒத்துழைக்காத குடும்பம்' என்பதைக் குறுக்கே அடித்தேன். கீழே எழுதினேன்: குழிதான் இந்தப் பிள்ளையின் நிற்கும் சட்டம். பயிற்சி தினமும் நடக்கிறது. விடுதி தேவையில்லை. கையெழுத்துப் போட்டேன். "மேடம், குழின்னா எழுதறது? வேற நல்ல வார்த்தையா..." என்று இழுத்தார் ஜெயசீலன். "நீங்க காட்டின படத்துல அது குழிதானே? குழின்னே இருக்கட்டும்" என்றேன். விடுதி வண்டிக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். என் எதிரிலேயே போட்டார். பிறகு மைப்பெட்டியை மூடினார்.

அலமேலு இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு சணல் கயிற்றை எடுத்தாள். தனத்தைப் படுக்கவைத்து அளந்து வந்திருக்கிறாள். முதல் முடிச்சு குதிகால், ரெண்டாவது முட்டி, மூன்றாவது இடுப்பு. நாற்பது பேரும் மேடையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மூன்றாவது முடிச்சுக்கு மேலே நாலு விரல் வைத்து நாலாவது முடிச்சைப் போட்டேன். இதுவரைக்கும் தோண்டு, கல்லை மாத்தாதே, ஆறு மாசம் கழித்து மறுபடி அளக்கணும் என்றேன். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அது நழுவியது. "இது நிக்காதும்மா" என்று என் முடிச்சை அவிழ்த்து, அதே இடத்தில் தானே இறுக்கிப் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம்வரை இருங்கள், பொன்னாடை இருக்கிறது என்றார் ஜெயசீலன். பஸ் போய்விடும் என்றாள். அப்படியென்றால் இப்பவே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஓடிப்போய் எடுத்துவந்து போர்த்தினார். அவள் அதன் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இத்த சாக்குக்குப் பதிலா புள்ளைக்குச் சுத்தலாங்களா?" என்று என்னைக் கேட்டாள். ஜரிகை குத்தும், சாக்கே நல்லது என்றேன். மடித்து ஜெயசீலன் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

வாசல்வரை நானும் ரேவதியும் போனோம். ஆறு மாசத்தில் அளக்க நாங்களே வருவோம் என்றேன். அலமேலு செருப்பை மாட்டிக்கொண்டே எங்கள் ரெண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்தா வூட்டாண்ட நின்னுக்கினு இருக்காதீங்க. நேரா கொல்லைக்கு வந்துடுங்க."